நீ தேடியது அம்மாவின் நோயை அல்ல

தம்பி,

நீங்கள் இரண்டு பேரும் ஜொகூருக்குப் போன பிறகு அம்மா தனியாக உட்கார்ந்து அழுதுகொண்டிருப்பாள் என்று நினைத்துத்தானே தினமும் போன் அடிக்கிறாய்? அழவெல்லாம் இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன், நன்றாகத் தூங்குகிறேன். குளியலறைக் கதவைத் தட்ட ஆள் இல்லை. டிவி ரிமோட் வைத்த இடத்தில் இருக்கிறது. கல்யாணத்துக்குச் சுட்ட முறுக்கு இன்னும் அரை டின் மிச்சமிருக்கிறது. காலையில் தேத்தண்ணியோடு கொஞ்சம், கடையிலிருந்து வந்ததும் கொஞ்சம் என்று ராஜபோகமாகப் போகிறது. கிள்ளான் மண்டபத்தில் நீ மாலையும் கழுத்துமாக நின்றதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. தாலி கட்டும்போது முடிச்சு விழாமல் நீ பட்ட பாட்டைப் பார்த்து ஐயரே பயந்துவிட்டார். இந்த வயதில் இவ்வளவு நிம்மதி கிடைக்கும் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை.

போனில் சொல்ல முடியாத ஒன்றைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் உடம்பைப் பற்றிப் பேச்செடுத்தாலே நீ "சாப்பிட்டீங்களா, அங்க மழையா" என்று வேறு பக்கம் தாவிவிடுகிறாய். காகிதம் என்றால் தாவ முடியாது, படித்துத்தான் ஆகவேண்டும். உன் பெண்டாட்டி புவனாவும் படிக்கட்டும். வேறு யார் வாங்கிப் படித்தாலும் எனக்குக் கவலையில்லை. இதைப் படிக்கவேண்டிய அம்மாக்களும் பிள்ளைகளும் நம் பிரிக்பீல்ட்ஸிலேயே நிறையப் பேர் இருக்கிறார்கள்.

நீங்கள் கிளம்புவதற்கு முதல் நாள் நீ லோரிக்காரரோடு சேர்ந்து கட்டிலைக் கழற்றிக்கொண்டிருந்தாய். நானும் புவனாவும் உள்ளே புடவை மடித்துக்கொண்டிருந்தோம். அவள் ரொம்ப நேரமாக ஏதோ சொல்ல வந்து வந்து விழுங்கிக்கொண்டே இருந்தாள்.

"அத்தை, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"சொல்லு. கோவம் வந்தா அப்ப பாத்துக்கலாம்."

"எனக்கு அடிக்கடி ஒரு பக்கமா தலைவலி வருதில்ல. ஆபீஸ்லதான் இன்டர்நெட் இருக்கே, என்னா ஏதுன்னு கொஞ்சம் தேடிப் பாருங்கன்னு இவர்கிட்ட கேட்டேன். 'நான் தேடினா ஆளுதான் சாவும்'னு சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு அத்தை."

"என்னது? ஏன் அப்படிச் சொன்னான்?"

"அவரு தேடினதாலதான் நீங்க ஆஸ்பத்திரிக்குப் போக லேட்டாச்சாம். அதுக்கப்புறம் கம்ப்யூட்டர்ல பந்தாட்ட ஸ்கோரைத் தவிர எதையும் பாக்குறதில்லையாம்."

அடப்பாவி! இரண்டு வருஷமாக இதை நெஞ்சில் வைத்துக்கொண்டா என்னோடு ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டாய்? கேட்டதும் உன் முதுகில் ரெண்டு வைக்கவேண்டும் போலவும் இருந்தது, கட்டிப் பிடித்து அழவேண்டும் போலவும் இருந்தது. லோரிக்காரர் முன்னால் இரண்டும் வேண்டாம் என்று விட்டுவிட்டேன். அதனால் நடந்ததை முதலிலிருந்து எழுதுகிறேன். பாதிக் கதை உனக்குத் தெரியாது, தெரிந்த பாதியையும் நீ தலைகீழாக வைத்திருக்கிறாய்.

அது தீபாவளி நெருங்கிய நேரம். புடவைக் கடையில் நிற்க இடமில்லாத கூட்டம். ஒரு நாள் குளிக்கும்போது என் இடது மார்பில் கைக்கு ஒரு கட்டி தட்டுப்பட்டது. கொண்டைக்கடலை அளவு இருக்கும். வலி இல்லை, சிவப்பு இல்லை, கல் மாதிரி கெட்டியாக இருந்தது. மார்பு என்று எழுதிவிட்டேன், பார். பேனா ஒன்றும் உடைந்துபோகவில்லை. ஆனால் அன்றைக்கு அந்த வார்த்தையை உன்னிடம் சொல்வதை விடச் செத்தே போகலாம் என்று இருந்தது. உன் அப்பா இருந்திருந்தால் அவரிடமாவது சொல்லியிருப்பேன். அவர் போய்ச் சேர்ந்து எத்தனையோ வருஷமாகிவிட்டது. வீட்டில் இருப்பது நீயும் நானும். வளர்ந்த ஆண்பிள்ளையிடம் எந்தத் தாய் இதைச் சொல்வாள்? நம் பெண்களுக்கு மார்பு என்பது பிள்ளைக்குப் பால் கொடுக்கும் வரைக்கும்தான் இருக்கும். அதற்குப் பிறகு அந்த இடத்துக்குப் பெயரே கிடையாது. கிளினிக்குக்குப் போனாலும் "மேல்வலி" என்று ஒரு பொதுவான வலியைச் சொல்லிவிட்டு மாத்திரை வாங்கிக்கொண்டு வருவோம்.

தீபாவளி முடியட்டும் என்று தள்ளினேன். முடிந்தது. ஒரு சாயங்காலம் சோறு போட்டுக்கொண்டிருந்தபோது என் கை தன்னால் அந்தப் பக்கம் போயிருக்கிறது. நீ பார்த்துவிட்டாய்.

"என்னம்மா அங்க? வலிக்குதா?"

"ஒண்ணுமில்லலா. அக்குள்ல ஒரு கட்டி. வேர்வைக் கட்டிதான்."

அவ்வளவுதான், தம்பி. கட்டியை ஒரு சாண் தள்ளி வைத்துவிட்டேன். மானம் தப்பித்தது என்று பெருமூச்சும் விட்டுக்கொண்டேன்.

மறுநாள் நீ சுபாங் ஜெயா ஆபீஸிலிருந்து கையில் தாள்களோடு வந்தாய். அந்த முகத்தைப் பார்க்கவேண்டுமே, ஏதோ பரீட்சையில் முதலாவதாக வந்தவன் மாதிரி! சட்டையைக்கூட மாற்றவில்லை. அடுப்பங்கரை மேசையில் தாளை விரித்து, பென்சிலால் கோடு போட்டு, ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னாய். நான் கேட்காமலேயே விளக்கம் வேறு. "நெறைய பக்கம் வந்துச்சும்மா, யாரு எழுதினதுன்னே தெரியாததை எல்லாம் தள்ளிட்டேன். இது ஒரு ஆஸ்பத்திரி போட்டது. அடியில டாக்டர் பேரு இருக்கு. எப்ப எழுதினாங்கன்னு இருக்கு. இவங்க எதையும் விக்கலை. வேற ஒரு பக்கத்தையும் பாத்தேன், அதுலயும் இதையேதான் சொல்றாங்க." கவனித்துக் கேட்டேன். இன்றைக்கும் எனக்கு அது மறக்கவில்லை. அந்த வயதில் உனக்கு அவ்வளவு நிதானம் எங்கிருந்து வந்தது என்று ஆச்சரியப்பட்டேன்.

பிறகு நீ கேள்வி கேட்டாய். "வலிக்குதாம்மா?" "ஆமா." "தொட்டா சூடா இருக்கா? சிவந்திருக்கா?" "ஆமா, ஆமா." எப்படியாவது பேச்சு முடிந்தால் போதும் என்று எல்லாவற்றுக்கும் ஆமாம் போட்டேன். வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள், தானாக அமுங்கிவிடும், அமுங்கவில்லை என்றால் தள்ளிப்போடாமல் டாக்டரைப் பாருங்கள் என்று அந்தத் தாளில் இருந்தது. நீ வெந்நீர் போட்டுத் துணியும் எடுத்துக் கொடுத்தாய். பிறகு ஒவ்வொரு நாளும் வேலைக்குப் போகும்போது வாசலில் நின்று கேட்டாய்: "குறைஞ்சிருச்சாம்மா?" நான் ஒவ்வொரு நாளும் சொன்னேன்: "குறைஞ்சிருச்சுலா, நீ போ."

இப்போது சொல், அந்தத் தாளில் என்ன தப்பு? ஒரு வரிகூடத் தப்பில்லை. உன் மேல் என்ன தப்பு? நீ தேடியது அக்குளில் வந்த வலியுள்ள, சிவந்த, சூடான கட்டியை. அது யாரோ ஒரு புண்ணியவதியின் கட்டி. என் கட்டியை நீ தேடவே இல்லை, ஏனென்றால் நான் அதை உன்னிடம் காட்டிக்கொடுக்கவே இல்லை. கம்ப்யூட்டருக்கு என்ன தெரியும், பாவம்? எதிரில் இருக்கிற டாக்டர் என்றால் "கையைத் தூக்குங்கம்மா, பாக்கலாம்" என்பார். அதற்குக் கையைத் தூக்கச் சொல்லத் தெரியாது. கேட்டதற்குப் பதில் சொல்லும், அவ்வளவுதான்.

இனி உனக்குத் தெரியாத கதை. கிள்ளான் ராஜம் அக்காவை உனக்குத் தெரியும், முன்பு நம் கடையில் என்னோடு வேலை செய்தவள், கல்யாணத்தில் உனக்குத் திருஷ்டி கழித்தாளே, அவள்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை ரயில் ஏறி அவள் வீட்டுக்குப் போனேன். பெண்ணுக்குப் பெண் என்பதால் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இடம், அளவு, வலி இல்லாதது, எல்லாம். அவள் வாயில் கை வைத்துக்கொண்டாள். அவள் மகள் வீட்டில் கம்ப்யூட்டர் வைத்திருந்தாள். மருமகனைக் கடைக்கு அனுப்பிவிட்டு அந்தப் பெண் உட்கார்ந்து தேடினாள். அந்த இயந்திரம் கீச் கீச் என்று கத்தி ஒருவழியாக ஒரு பக்கத்தைத் திறந்தது. சுற்றிலும் பூ வரைந்திருந்தது. வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர் சிரித்துக்கொண்டிருந்தார். "அன்புச் சகோதரியே, பயப்படாதீர்கள்" என்று ஆரம்பித்தது. மார்பில் கட்டி என்று அச்சாக என் நோயையே சொன்னது. கத்தியும் ஊசியும் பட்டால் அது உடம்பெல்லாம் பரவிவிடும், இந்த மூலிகைக் குளிகையைச் சாப்பிட்டால் பனி மாதிரி கரைந்துவிடும் என்றது. சாப்பிட்டுக் குணமானவர்கள் சொன்னதாகப் பத்தி பத்தியாகப் போட்டிருந்தார்கள். கீழே, இந்த வாரம் வாங்குகிறவர்களுக்கு மட்டும் சலுகை, கையிருப்பு கொஞ்சம்தான் என்று சிவப்பு எழுத்து. அந்தப் பெண் அதைத் தாளில் அடித்து என் கையில் கொடுத்தாள். அந்தக் குளிகையை விற்கிற ஏஜென்ட் கிள்ளானிலேயே இருந்தார்! அன்றைக்கே வாங்கிவிட்டேன். என்ன விலை என்று மட்டும் கேட்காதே, சொல்லமாட்டேன்.

அரிசி டின்னுக்குப் பின்னால் ஒளித்து வைத்து, நீ வேலைக்குப் போனதும் எடுத்து விழுங்குவேன். எனக்கு அதன் மேல் அவ்வளவு நம்பிக்கை. ஏன் தெரியுமா? அது என் உண்மையான நோயைப் பற்றிப் பேசியது. அதோடு, நான் கேட்க ஆசைப்பட்டதைப் பேசியது. ஆஸ்பத்திரி வேண்டாம், யாரும் உன்னைத் தொடவேண்டாம், யாருக்கும் தெரியவேண்டாம் என்று சொன்னது. எனக்கு வேறென்ன வேண்டும்? நீ கொண்டுவந்த தாள் நல்லவர்கள் எழுதியது, ஆனால் என் நோய் அதில் இல்லை. ராஜம் அக்கா வீட்டுத் தாளில் என் நோய் இருந்தது, ஆனால் எழுதியவர் வியாபாரி. நான் இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு ஒன்றுக்கு ஒத்தடம் கொடுத்தேன், இன்னொன்றுக்குக் குளிகை விழுங்கினேன். கட்டி தன் பாட்டுக்கு இருந்தது.

என்னைக் காப்பாற்றியது யார் என்று கேட்டால் சிரிப்பாய். பந்திங்கிலிருந்து புடவை எடுக்க வந்த ஒரு அம்மா.

மகள் கல்யாணத்துக்குப் பட்டுப் பார்க்க வந்திருந்தார். மாம்பழ நிறத்தில் ஒன்றைக் கையில் எடுப்பதும், கீழே வைப்பதுமாக இருந்தார். உனக்குத்தான் தெரியுமே, கடையில் அம்மாவின் வாய் தனியாக வேலை செய்யும். "கடைசி பீஸ்க்கா. நாளைக்கு வந்தா இருக்காது. என் மக கல்யாணத்துக்கும் இதேதான் எடுத்தேன், கட்டினதும் எல்லாரும் எங்க வாங்கினதுன்னு கேட்டாங்க" என்றேன். மேசைக்குக் கீழே அதே புடவை ஒரு அடுக்கு இருந்தது.

அந்த அம்மா முகம் மலர்ந்து கேட்டார்: "அப்படியா! உங்க மகளுக்கு எப்பக்கா கல்யாணம் ஆச்சு? இப்ப எங்க இருக்கு?"

எனக்கு எங்கே மகள் இருக்கிறாள்? இத்தனை வருஷமாக அந்த இல்லாத மகளுக்கு எத்தனை கல்யாணம் செய்து வைத்திருக்கிறேன்! அந்தப் பூ போட்ட தாளில் வெள்ளைக் கோட்டுக்காரர் "என் மனைவிக்கும் இதே மருந்தைத்தான் கொடுத்தேன்" என்று எழுதியிருந்தது ஞாபகம் வந்தது. கையிருப்பு கொஞ்சம்தான். இந்த வாரம் மட்டும். குணமானவர்கள் எல்லாரும் ஒரே மாதிரி பேசினார்கள், ஒருவருக்கும் முழுப் பெயர் இல்லை, ஊர் இல்லை. அட, இது என் பாஷைதானே! என் தொழிலையே என்னிடம் செய்துவிட்டான், நானும் பணத்தை எடுத்துக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்! காலிலிருந்து தலை வரைக்கும் பயம் ஏறியது. குளிகை பொய் என்றால், கட்டி நிஜம்.

"சும்மா சொன்னேன்க்கா. எனக்கு மக இல்ல. இந்தப் புடவை கீழ நெறைய இருக்கு. வீட்டுல கேட்டுட்டு நாளைக்கே வாங்க" என்று சொல்லிவிட்டேன். முதலாளி கல்லாவிலிருந்து என்னை முறைத்த முறைப்பு! அந்த அம்மா விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, அதே புடவையை அப்போதே எடுத்துக்கொண்டார்.

நான் பாதி நாள் லீவு கேட்டுக்கொண்டு நேராக நம் கிளினிக்குக்கு நடந்தேன். அங்கே போயும் நாக்கு பழைய இடத்துக்கே போகிறது, கேள். டாக்டர் "என்னம்மா?" என்றதும் "அக்குள்ல..." என்று ஆரம்பித்தேன். பக்கத்தில் நின்ற நர்ஸ் கையைத் தூக்கச் சொன்னாள். அப்போதுதான் எனக்கே என் மேல் எரிச்சல் வந்தது. "அக்குள் இல்ல டாக்டர். மார்புல" என்றேன். சத்தமாகவே சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, வெளியே உட்கார்ந்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். டாக்டர் பார்த்தார். பார்த்துவிட்டு உனக்குப் போன் போடச் சொன்னார்.

நீ மோட்டாரில் பறந்து வந்தாய், ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தாய். "உங்க அம்மாவுக்கு மார்புல கட்டி. நாளைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று டாக்டர் சொன்னதும் நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். "அக்குள்னு சொன்னீங்களேம்மா" என்றாய். அவ்வளவுதான் கேட்டாய். திட்டியிருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பேன், தம்பி. அந்தக் கேள்விக்கு நான் அன்றைக்குப் பதில் சொல்லவில்லை. நீயும் பதிலை நீயாகவே எழுதிக்கொண்டாய் போலிருக்கிறது, அதுவும் உன் மேல் பழியைப் போட்டு.

ஆஸ்பத்திரியில் எனக்குக் கிடைத்தது ஒரு பெண் டாக்டர், நம்மைப் போலவே தமிழ் பேசுகிறவர். அவரிடம் நான் முதலில் கேட்டது, ஊசி போட்டால் பரவுமா என்று. "எங்கேம்மா படிச்சீங்க?" என்றார். கூச்சப்படாமல் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, கோபிக்கவும் இல்லை. ஊசி எதற்கு, அதில் என்ன தெரியும், தெரியாமல் விட்டால் என்ன ஆகும் என்று பொறுமையாகச் சொன்னார். அந்தக் குளிகைப் புட்டியையும் கொண்டுவந்து காட்டச் சொன்னார். புற்றுநோய் என்று தெரிந்தது. அறுவை முடிந்தது, கரண்ட் என்று சொல்கிறோமே, அந்தக் கதிர்வீச்சு வைத்தார்கள், மாத்திரை கொடுத்தார்கள். எல்லாவற்றிலும் நீ பக்கத்திலேயே இருந்தாய். "இன்னும் தள்ளிப் போட்டிருந்தா கதை வேற. நல்ல நேரத்துல வந்துட்டீங்கம்மா" என்று அவர் சொன்னது எனக்குப் போதும். நீ பாதி வாக்கியத்தை மட்டும் எடுத்துக்கொண்டு இரண்டு வருஷம் சுமந்திருக்கிறாய். முழு வாக்கியத்தையும் எடுத்துக்கொள்.

ஒரு நாள் ஆபீஸ் தாள்களை எல்லாம் நீ குப்பையில் போட்டதைப் பார்த்தேன். வீட்டைச் சுத்தம் செய்கிறாய் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டேன், நல்ல புத்திசாலி நான்! நீ எறிந்தது குப்பையை இல்லை. பெயர் இருக்கிறதா, தேதி இருக்கிறதா, எதையாவது விற்கிறானா, இன்னொரு இடத்திலும் இதையே சொல்கிறார்களா என்று பார்த்தாயே, அந்தப் பழக்கத்தை எறிந்துவிட்டாய். அதைத் திரும்பப் பொறுக்கி எடுத்துக்கொள். உலகம் இனி அந்தப் பக்கம்தான் போகிறது. இரண்டாயிரம் பிறந்ததும் கம்ப்யூட்டர் எல்லாம் நின்றுவிடும் என்று கடையில் பேசிக்கொள்கிறார்கள். நின்றால் சரிசெய்துவிட்டு மறுபடியும் ஓட்டுவார்கள், விடவா போகிறார்கள்? நாளைக்கு உன் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் டாக்டர் வீட்டுக்கு ஓடுவதற்கு முன்னால் எல்லாரும் அதைத்தான் தட்டிப் பார்க்கப் போகிறார்கள். பார்க்கத் தெரிந்தவன் பார்க்காமல் இருந்தால், ராஜம் அக்கா வீட்டுத் தாள்தான் வீட்டுக்குள் வரும்.

புடவைக்காரி ஒருத்தி சொல்வதையும் சேர்த்துக்கொள். அவசரப்படுத்துகிற பக்கத்தை நம்பாதே. கடைசி பீஸ் என்று சொல்கிறவளின் காலடியில்தான் அடுக்கு இருக்கும். எல்லா நோய்க்கும் ஒரே மருந்து என்றால், எல்லா உடம்புக்கும் ஒரே ரவிக்கை என்கிறான் என்று அர்த்தம். முக்கியமாக இதைப் பார்: படித்து முடித்ததும் அந்தப் பக்கம் உன்னை எங்கே அனுப்புகிறது? உன் தாள் கடைசியில் என்னை டாக்டரிடம் போகச் சொன்னது. பூ போட்ட தாள் டாக்டரிடம் போகாதே, என்னிடமே இரு என்றது. நல்லதைச் சொல்கிறவன் உன்னை இன்னொருவரிடமும் கேட்கவிடுவான். கெட்டிக்கார வியாபாரி வாடிக்கையாளரை அடுத்த கடைப் பக்கம் திரும்பவே விடமாட்டான், நான் விட்டதில்லை.

இதற்கெல்லாம் முன்னால் ஒன்று இருக்கிறது, புவனாவுக்காகச் சொல்கிறேன். தலைவலி என்றாளா, சரி. எந்தப் பக்கம், எப்போது, என்ன சாப்பிட்ட பிறகு, கண் கூசுகிறதா, மாதாமாதம் அந்த நாட்களில் வருகிறதா என்று எல்லாவற்றையும் கேள். கேட்கும்போது முகத்தைப் பேயறைந்த மாதிரி வைத்துக்கொள்ளாதே. பிள்ளை பயப்படுவான் என்றுதான் பெண்கள் பாதியை விழுங்குகிறோம். அவள் "ஒண்ணுமில்ல" என்றால் இன்னொரு தடவை கேள். சொல்லக் கூச்சப்படுகிறாள் என்று பட்டால், கம்ப்யூட்டரைத் திறந்து வைத்துவிட்டு, "நீயே தட்டு, நான் தேத்தண்ணி போட்டுட்டு வரேன்" என்று எழுந்து போய்விடு. எனக்கு அன்றைக்கு அப்படி ஒரு வழி இருந்திருந்தால், எழுத்துக்கூட்டியாவது என் கேள்வியை நானே தட்டியிருப்பேன். புவனா, நீ படிக்கிறாய்தானே? அவனிடம் எதையும் ஒரு சாண் தள்ளி வைத்துச் சொல்லாதே, கண்ணு.

இவ்வளவு எழுதிவிட்டு நான் மட்டும் யோக்கியமாக இருக்கிறேனா என்றால், இல்லை. தினமும் விழுங்கச் சொன்ன மாத்திரை ஒன்று இருக்கிறதே, அதை விழுங்க ஆரம்பித்ததிலிருந்து உடம்பு திடீர் திடீரென்று கொதிக்கிறது. கடையில் ஏர்கோன் ஓடும்போதே ரவிக்கை நனைந்துவிடுகிறது. டாக்டரிடம் போகும்போதெல்லாம் "எப்படி இருக்கீங்க?" என்பார், "நல்லா இருக்கேன் டாக்டர்" என்று சொல்லிவிட்டு வருகிறேன். ராஜம் அக்கா போனில் "அது சூட்டு மாத்திரை, விட்டுத் தொலை" என்கிறாள். அவள் கெட்டவள் இல்லை, ஆஸ்பத்திரியில் எனக்காக அவள் அழுத அழுகை எனக்குத்தான் தெரியும். ஆனாலும் அவள் பேச்சைக் கேட்டு, பட்டுப் புடவையில் வேர்த்து வழியக்கூடாது என்று, உன் கல்யாண வாரம் முழுக்க மாத்திரையைத் தொடவில்லை. சந்தோஷமாகச் சிரித்துக்கொண்டு நின்றேனே, உள்ளே பயம்தான். அந்த வாரம் முடிந்ததிலிருந்து மறுபடியும் விழுங்குகிறேன்.

அடுத்த மாதம் டாக்டரைப் பார்க்கப் போகிறேன். இந்தத் தடவை "நல்லா இருக்கேன்" என்று சொல்லிவிட்டு வரப்போவதில்லை. ஆனால் என்ன கேட்பது, எப்படிக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. தேடித் தருவதற்கு எனக்கு உன்னைவிட்டால் யார் இருக்கிறார்கள்? பழையபடி ஆபீஸ் முடிந்து உட்கார், பெயர் இருக்கிற பக்கமாகப் பார், பென்சிலால் கோடு போட்டு அனுப்பு. கேள்வியை நானே கீழே எழுதித் தருகிறேன். இங்கிலீஷில் மாற்றும்போது எதையும் நாசூக்காக ஆக்காதே, தம்பி. இருக்கிறதை இருக்கிற மாதிரியே தட்டு.

வயது ஐம்பத்தாறு. மாதவிலக்கு நின்று பல வருஷமாகிறது. இடது மார்பில் புற்றுநோய்க் கட்டி வந்து, அறுவை செய்து, கரண்டும் வைத்தாகிவிட்டது. தினமும் ஒரு மாத்திரை விழுங்குகிறாள். உடம்பு கொதிக்கிறது, வேர்த்துக் கொட்டுகிறது, வெட்கத்தில் டாக்டரிடம் சொல்லவில்லை. மகன் கல்யாணத்தின்போது யாருக்கும் தெரியாமல் ஒரு வாரம் மாத்திரையை நிறுத்திவிட்டாள். பேரப்பிள்ளை பள்ளிக்கூடம் போவதைப் பார்க்கும் வரைக்கும் இருக்க ஆசைப்படுகிறாள். அவள் டாக்டரிடம் என்னென்ன கேட்கவேண்டும்?